பாடகரை முன்னிறுத்தும் ஜாஸ் அரேஞ்ச்மென்ட்: நம் கடற்கரை பேண்டுகள் கேட்கும் கேள்விகள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் மாதா கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாசிக்கிறவர்களில் சிலருக்கு ஜாஸ் மேல் ஆசை வந்திருக்கிறது. ட்ரம்பெட், கிளாரினெட், யூபோனியம் கையில் இருக்கின்றன. கொயரில் நன்றாகப் பாடும் ஒரு தங்கையோ தம்பியோ இருக்கிறார். இணையத்தில் தேடினால் அரேஞ்ச்மென்ட்கள் (ஒரு பாட்டில் எந்த வாத்தியம் எங்கே என்ன வாசிக்க வேண்டும் என்று எழுதியவை) கொட்டிக் கிடக்கின்றன. எதை எடுப்பது என்பதில்தான் தடுமாற்றம். ஒத்திகைகளில் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் கணக்கு இதுதான்: முதலில் குரல், அப்புறம் பாட்டு, கடைசியில்தான் பேண்டு. இந்த வரிசை மாறினால் எவ்வளவு பெரிய ஆள் எழுதிய அரேஞ்ச்மென்ட்டும் மேடையில் எடுபடாது.

பேண்டு மட்டும் வாசிக்க எழுதியதையே வாசித்து, மேலே ஒருவர் பாடினால் போதாதா?

போதாது. பேண்டுக்கு மட்டும் எழுதியதில் மெட்டு ட்ரம்பெட்டிடமோ ஆல்ட்டோ சாக்ஸிடமோ இருக்கும். அதன் மேல் ஒருவர் பாடினால் இரண்டு பேர் ஒரே மெட்டைப் பிடித்து இழுப்பார்கள். பாடகர் ஒரு வார்த்தையைக் கொஞ்சம் தாமதித்துப் போட முடியாது, முந்திப் போட முடியாது. ஜாஸ் பாட்டுக்கு உயிரே அந்தத் தாமதத்திலும் முந்தலிலும்தான் இருக்கிறது.

பாடகருக்கென்று எழுதியதில் மெட்டு அவரிடம் மட்டும் இருக்கும். பேண்டு அவருக்கு அடியில் ஸ்வரங்களைப் பிடித்துக்கொள்ளும், அவர் நிறுத்தும் இடத்தில் பதில் சொல்லும், அவர் ஓய்வெடுக்கும்போது பாட்டைத் தன் கையில் வாங்கிக்கொள்ளும்.

இதைக் காதால்தான் புரிந்துகொள்ள வேண்டும். 1937 முதல் பில்லி ஹாலிடே பாடிய பதிவுகளில் லெஸ்டர் யங்கின் டெனர் சாக்ஸைக் கேளுங்கள். பில்லி மூச்சு வாங்கும் இடத்தில் சாக்ஸ் மேலே வரும், அடுத்த வார்த்தை தொடங்கியதும் தணிந்துவிடும். 1950-களில் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவுக்கு நெல்சன் ரிடில் எழுதிய அரேஞ்ச்மென்ட்களில் ஹாரி எடிசன் மியூட் (ஒலியை மட்டுப்படுத்தும் அடைப்பு) போட்ட ட்ரம்பெட்டில் இரண்டு மூன்று ஸ்வரங்களை வரிகளுக்கு நடுவே வைப்பார். அவ்வளவுதான் வாசிப்பார். அந்த அளவு தெரிவது ஒரு பெரிய கலை.

"அண்ணே, நான் அஞ்சரைக் கட்டைண்ணே" என்கிறார் எங்கள் பாடகி. அந்தக் கட்டையில் உள்ளதையே தேடினால் சரியா?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழி மாறிப் போகிறார்கள். 5½ கட்டைச் சுருதி என்றால் கீபோர்டில் ஏ ஃப்ளாட். கர்நாடக முறையில் கற்றவர் அதை ஆதார ஷட்ஜமாக வைத்து, கீழே கொஞ்சம் போய், மேலே தாரஸ்தாயி காந்தாரம், பஞ்சமம் வரை பாடுவார். எந்தக் கீர்த்தனை பாடினாலும் சுருதி மாறாது. ஜாஸில் அப்படி இல்லை. ஒவ்வொரு பாட்டின் மெட்டும் ஷட்ஜத்துக்குக் கீழே எவ்வளவு, மேலே எவ்வளவு என்பது வேறு வேறு. அதனால் ஒரே பாடகருக்கு ஒரு பாட்டு ஒரு கட்டையிலும் இன்னொரு பாட்டு வேறு கட்டையிலும் சரியாக அமையும்.

செய்ய வேண்டியது இதுதான். பாடகியைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, வாத்தியம் எதுவும் இல்லாமல் பாட்டை அவர் போக்கில் பாடச் சொல்லுங்கள். அவர் தானாக எடுத்த சுருதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மெல்ல இறக்கிக்கொண்டே போய், வார்த்தை இன்னும் தெளிவாகக் கேட்கும் கடைசி ஸ்வரத்தைப் பாருங்கள். மெல்ல ஏற்றிக்கொண்டே போய், கழுத்து நரம்பு புடைக்காமல் நிறுத்திப் பிடிக்க முடிந்த கடைசி ஸ்வரத்தைப் பாருங்கள். எட்டித் தொடும் ஸ்வரம் கணக்கில் வராது. பிடித்து நிற்கும் ஸ்வரம்தான் கணக்கு. இதை ஒத்திகையின் முடிவில், குரல் களைத்த பிறகு செய்வது நல்லது. மேடையில் நான்காவது பாட்டின்போது இருக்கும் குரல் அதுதான்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். அவருக்கு வசதியான எல்லை, கீபோர்டின் நடு சி-க்குக் கீழே உள்ள ஏ-யில் தொடங்கி, நடு சி-க்கு மேலே ஒரு ஸ்தாயி தள்ளி வரும் டி வரை என்று வைத்துக்கொள்வோம். பாட்டின் மெட்டு மந்திர பஞ்சமத்தில் தொடங்கி மேல் ஷட்ஜம் வரை போகிறது. மந்திர பஞ்சமம் ஏ என்றால் ஷட்ஜம் டி, அதாவது 2 கட்டை. குரலுக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் இந்த ஊதுவாத்தியங்களின் தாள் கீபோர்டின் சுருதியில் இல்லாமல் வேறு சுருதியில் எழுதப்படும். அதனால் டி கீயில் (டி-யை ஷட்ஜமாக வைத்தால்) ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் நான்கு ஷார்ப்போடும், ஆல்ட்டோ சாக்ஸ் ஐந்து ஷார்ப்போடும் வாசிக்க வேண்டியிருக்கும். அரைக் கட்டை இறக்கி டி ஃப்ளாட்டில் வைத்தால் ட்ரம்பெட்டுக்கு மூன்று ஃப்ளாட், ஆல்ட்டோவுக்கு இரண்டு ஃப்ளாட், பிள்ளைகள் சிரமமில்லாமல் வாசிப்பார்கள். பாடகிக்கும் கீழே அரை ஸ்வரம்தான் கூடுதல். ஆக, அஞ்சரைக் கட்டைப் பாடகி இந்தப் பாட்டை ஒன்றரைக் கட்டையில் பாடுவார். அவருக்கு முதலில் இது விசித்திரமாகத் தோன்றும். பாடிப் பார்த்ததும் ஒப்புக்கொள்வார்.

ஆண் பாடிப் புகழ்பெற்ற பாட்டைப் பெண் பாடினால்?

பொதுவாக நான்கு அல்லது ஐந்து ஸ்வரம் தள்ள வேண்டி வரும். ஆனால் ஆண் கீ, பெண் கீ என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. உஷா உதூப்பின் குரல் நினைவிருக்கிறதல்லவா? 1969-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரு இரவு விடுதியில் பாடத் தொடங்கியவர். அந்தத் தாழ்ந்த குரலுக்குப் 'பெண் கீ' என்று அச்சிட்டதைக் கொடுத்தால் பாடவே முடியாது. நம் கொயர்களில் ஆல்ட்டோ வரிசையில் நிற்கும் அக்காக்களில் அப்படிப்பட்ட குரல்கள் இருக்கின்றன. அவர்களை யாரும் தனியாகப் பாடச் சொல்வதில்லை என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம்.

இன்னொன்று. கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டி எல்லாவற்றையும் நான்கு ஸ்வரம் ஏற்றிவிடலாம் என்பார்கள். ஏற்றினால் முதல் ட்ரம்பெட் எட்டாத உயரத்துக்குப் போகும். நான்கு ஸ்வரம் இறக்கினால் ட்ரோம்போன்கள் அடியில் போய்க் குழம்பும். ஒரு ஸ்வரம் ஏற்றி இறக்குவதைத் தாங்கும், அதற்கு மேல் ஸ்வரங்களைத் திரும்ப அடுக்க வேண்டும். பல பாட்டுகளுக்கு வெவ்வேறு கீயில் தனித்தனிப் பதிப்பு கிடைக்கிறது. சரியான கீயில் வாங்கிவிடுவதே மேல்.

ஸ்கோரை வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பெரிய பதிப்பகங்களின் தளங்களில் ஸ்கோரின் (எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றாக உள்ள நோட்ஸின்) சில பக்கங்களும் ஒலிப்பதிவும் இலவசமாகப் பார்க்கவும் கேட்கவும் கிடைக்கும். ஒலிப்பதிவைக் கேட்டு மயங்கி வாங்கிவிடாதீர்கள். அதில் வாசிப்பவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள், பாடுபவர் கண்ணாடி அறைக்குள் நிற்பவர். ஸ்கோரைப் பாருங்கள்.

முதலில் பாடகர் நுழையும் இடம். முன்னிசையின் கடைசி பாரில் (ஒரு பார் என்றால் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை) அவர் எடுக்க வேண்டிய ஸ்வரம் ஏதாவது வாத்தியத்தில் ஒலிக்கிறதா? சில அரேஞ்ச்மென்ட்களில் முன்னிசை அட்டகாசமாக இருக்கும். ஆனால் கடைசியில் சிக்கலான ஒரு கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களில்) போய் நின்று, அந்த நிசப்தத்தில் பாடகர் ஸ்வரத்தை ஆகாயத்திலிருந்து பிடிக்க வேண்டும். பழகிய பாடகர் பிடிப்பார். முதல் முறை மேடையேறும் பிள்ளைக்கு அது கொடுமை. அப்படி இருந்தால் கீபோர்டு வாசிப்பவர் அந்த ஸ்வரத்தை ஒருமுறை தொட்டுக் கொடுக்க இடம் இருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது நெரிசல். எட்டு பார் எடுத்துக்கொண்டு, பாடகர் வரியையும் அதற்குக் கீழே உள்ள வரிகளையும் ஒன்றாகப் பாருங்கள். பாடகர் இரண்டு பாருக்கு வார்த்தைகள் பாடுகிறார். அந்த இரண்டு பாரில் சாக்ஸ்களுக்கு நீண்ட ஸ்வரங்கள் இருந்தால் நல்லது. ட்ரம்பெட்களுக்கு ஓய்வுக்குறி இருந்தால் இன்னும் நல்லது. பாடகர் நிறுத்தும் மூன்றாவது பாரில் ட்ரம்பெட் இரண்டு குத்து குத்திவிட்டு ஒதுங்குகிறதா? சரி, எழுதியவருக்குப் பாடகர் மேல் மரியாதை இருக்கிறது. மாறாக, வார்த்தைகள் ஓடும் இடத்திலேயே ட்ரம்பெட்கள் மேல் ஸ்தாயியில் எட்டு எட்டாக ஸ்வரங்களைப் பொழிந்தால் அந்த ஸ்கோரை மூடி வைத்துவிடுங்கள். நம் பேண்டுகள் தெருவில் தேருக்கு முன்னால் வாசித்துப் பழகியவை. மெல்ல வாசி என்று எழுதியிருந்தாலும் கை தானாகச் சத்தத்துக்குப் போகும். அதனால் தாளிலேயே காலி இடம் இருக்க வேண்டும்.

மூன்றாவது, சுருதி ஏற்றம். கடைசிச் சுற்றில் அரைக் கட்டையோ ஒரு கட்டையோ ஏற்றுவது வழக்கமான உத்தி, கைதட்டு நிச்சயம். ஆனால் முன்பு பார்த்த கணக்கு முழுக்க அங்கே போய் உடையும். மெட்டின் உச்ச ஸ்வரத்தை முதல் பக்கத்தில் தேடாமல் கடைசிப் பக்கத்தில் தேடுங்கள்.

நான்காவது, காத்திருப்பு. நடுவில் சாக்ஸ் ஒரு முழுச் சுற்று வாசிக்கிறது என்றால் பெரும்பாலும் 32 பார். நிமிடத்துக்கு 120 துடிப்பு ஓடும் பாட்டில் அது ஒரு நிமிடம் சொச்சம். 60 துடிப்பில் போகும் மெல்லிய பாட்டில் அதே 32 பார் இரண்டு நிமிடத்தைத் தாண்டும். அவ்வளவு நேரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடகர் என்ன செய்வார்? மெல்லிய பாட்டுகளில் பாதிச் சுற்று மட்டும் வாத்தியத்துக்குக் கொடுத்து, நடுப் பகுதியில் பாடகர் திரும்ப நுழைவதாக எழுதியதைத் தேர்ந்தெடுங்கள்.

முடிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடைசி வரியை மூன்று முறை பாடி முடிப்பது எல்லாருக்கும் பிடிபடும். பாடகர் கையைப் பார்த்து எல்லாரும் நிறுத்த வேண்டிய முடிவுகளைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எங்களிடம் பதினேழு பேர் இல்லையே. ஏழெட்டுப் பேர்தான்.

முழு ஜாஸ் பேண்டு என்றால் ஐந்து சாக்ஸ், நான்கு ட்ரம்பெட், நான்கு ட்ரோம்போன், அப்புறம் பியானோ, கிட்டார், பேஸ், ட்ரம்ஸ். நம் பக்கத்தில் அப்படி ஒரு கூட்டத்தைச் சேர்ப்பது கஷ்டம், பாடகருக்குத் துணை வாசிக்க அது தேவையும் இல்லை. மூன்று நான்கு ஊதுவாத்தியங்களுக்கென்றே எழுதிய சிறு குழு அரேஞ்ச்மென்ட்கள் கிடைக்கின்றன. பதினேழு பேருக்கு எழுதியதில் பாதிப் பேரை விட்டுவிட்டு வாசித்தால், கார்டின் முக்கியமான ஸ்வரம் வராத ஆளிடம் போய் மாட்டியிருக்கும். பள்ளி பேண்டுகளுக்கான சில பதிப்புகளில் எந்தெந்தப் பகுதிகள் இருந்தால் போதும் என்று முன்பக்கத்தில் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

பேஸ், கீபோர்டு, ட்ரம்ஸ் மூன்றும் உறுதியாக இருந்தால் மேலே ஒரே ஒரு ட்ரம்பெட் இருந்தாலும் ஒரு நல்ல பாடகரை மேடையேற்றிவிடலாம். அந்த மூன்றும் ஆட்டம் கண்டால் பதினாலு ஊதுவாத்தியம் நின்றாலும் காப்பாற்றாது.

சாக்ஸபோன் இல்லை. கிளாரினெட்டும் யூபோனியமும் வைத்து சமாளிக்கலாமா?

தாராளமாக. ட்ரெபிள் கிளெஃப் படித்துப் பழகிய யூபோனியம்காரரிடம் டெனர் சாக்ஸ் தாளை அப்படியே கொடுங்கள். ஒரு ஸ்வரமும் மாற்றி எழுத வேண்டாம், சரியான உயரத்தில் ஒலிக்கும். பேஸ் கிளெஃப் படிப்பவர் என்றால் ட்ரோம்போன் தாள். பழைய பேண்டுகளின் பெட்டிகளில் தூசி படிந்து கிடக்கும் இ ஃப்ளாட் ஹார்ன் இருந்தால் அதற்கு ஆல்ட்டோ சாக்ஸ் தாள் பொருந்தும். பி ஃப்ளாட் கிளாரினெட் டெனர் தாளை வாசித்தால் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். அப்போது அது பாடகியின் குரல் இருக்கும் உயரத்திலேயே வந்து உரசும். இரண்டாவது ட்ரம்பெட் தாளைக் கொடுத்து, தாழ்ந்த இடங்களை மட்டும் வாசிக்கச் சொல்வது நல்லது. கிளாரினெட்டின் அடிப்பகுதி ஒலி குரலுக்குப் பக்கத்தில் அவ்வளவு இதமாக இருக்கும்.

மியூட் போட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறது. எங்களிடம் மியூட் கிடையாது.

பிளஞ்சர் மியூட் என்று எழுதியிருந்தால் ஹார்டுவேர் கடையில் விற்கும் பாத்ரூம் அடைப்பு எடுக்கும் ரப்பரின் கிண்ணத்தை மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள். டியூக் எலிங்டன் குழுவில் பபர் மைலியும் ட்ரிக்கி சாம் நான்ட்டனும் உலகத்தையே அசத்தியது அந்த ரப்பர் கிண்ணத்தில்தான். மற்ற மியூட்களுக்குப் பதில் ட்ரம்பெட் வாயைத் துணி போர்த்திய நோட்ஸ் ஸ்டாண்டை நோக்கிச் சாய்த்து வாசிக்கலாம். பல ஸ்கோர்களிலேயே அப்படி வாசிக்கச் சொல்லிக் குறிப்பு இருக்கும்.

எந்த அளவு கடினமானதை எடுக்கலாம்?

பல பதிப்பகங்கள் 1 முதல் 6 வரை கடினத்தை எண்ணால் குறிக்கின்றன. பேண்டு தனியாக 3 வாசிக்கிறது என்றால் பாடகரோடு 2 எடுங்கள். தாளிலிருந்து கண்ணை எடுக்க முடியாத பேண்டு பாடகரைக் கேட்காது.

ஸ்விங் என்ற ஜாஸ் நடை எங்கள் ட்ரம்மருக்கு வரவில்லை. மார்ச் மாதிரியே போகிறது. எந்த மாதிரிப் பாட்டில் தொடங்குவது?

தவிலோ மிருதங்கமோ கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. திஸ்ர நடையில் 'தகிட தகிட' என்று சொல்லிக்கொண்டு, நடுவில் உள்ள 'கி'யை விழுங்கிவிடுங்கள். 'த–ட, த–ட' என்று வருகிறதல்லவா, நடுத்தர வேகத்தில் ஸ்விங் ஏறக்குறைய அதுதான். வேகம் கூடக்கூட இரண்டும் சமமாகிக்கொண்டு வரும். ஹை-ஹாட் (காலால் மிதிக்கும் ஜோடித் தாளம்) இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் விழ வேண்டும். ஊர்வலத்தில் முதல் அடியில் பெரிய ட்ரம்மைப் போட்டுப் பழகிய காலை அடக்குவதுதான் கடினம். குச்சியை வைத்துவிட்டு பிரஷ் எடுத்தால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும்.

தொடக்கத்துக்கு என் யோசனை, நடுத்தர வேக ப்ளூஸ். பன்னிரண்டு பார், மூன்று கார்டு, பாடகர் ஒரு வரி பாடினால் பேண்டு ஒரு வரி பதில் சொல்லும். கேள்வி பதில் நமக்குப் புதிதா என்ன? ஏலேலோ பாட்டில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. 1954-இல் கவுண்ட் பேஸி குழுவில் சேர்ந்த ஜோ வில்லியம்ஸ் பாடிய ப்ளூஸ்களைக் கேட்டால் பெரிய பேண்டும் ஒற்றைக் குரலும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பது தெரியும். அடுத்து பிரேசில் நடையான போசா நோவாவில் ஒரு பாட்டு எடுக்கலாம். அதில் ஸ்விங் கிடையாது, நேர் நடை. மெல்லிய காதல் பாட்டைக் கடைசியாக வையுங்கள். கேட்க எளிது, வாசிக்க அதுதான் ஆகக் கடினம்.

ஒரே பாட்டு வெவ்வேறு நடையில் கிடைக்கிறது. எதை எடுப்பது?

எல்லாரும் கேட்கும் 'ஃப்ளை மீ டு த மூன்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1954-இல் பார்ட் ஹோவர்ட் எழுதியபோது அது மூன்று எண்ணிக்கை வால்ட்ஸ். 1964-இல் சினாட்ரா, பேஸி குழுவோடு பாட, குவின்சி ஜோன்ஸ் அதை நான்கு எண்ணிக்கை ஸ்விங்காக எழுதினார். இன்று உலகம் பாடுவது பெரும்பாலும் அந்த வடிவம். உங்கள் பாடகர் நீண்ட மூச்சில் இழுத்துப் பாடுகிறவர் என்றால் வால்ட்ஸ் அவருக்கு அழகாக அமையும். வார்த்தையை வெட்டி வெட்டிப் பேசுவது போலப் பாடுகிறவர் என்றால் ஸ்விங். கூட்டத்துக்கு எது தெரியும் என்பது அதற்கு அப்புறம்.

கோயில் திருவிழாவில் ஜாஸ் பாடுவது பொருத்தமா?

பூசைக்குள் எது பாடலாம் என்பதைப் பங்குத்தந்தைதான் சொல்ல வேண்டும், அவரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். கொடியேற்றத்துக்குப் பிந்தைய மாலை மேடைக்கும், கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கும் தாராளமாகப் பொருந்தும். ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸ் ஊரில் பேண்டு செட்டுகள் அடக்க ஊர்வலத்தில் மெல்ல ஞானப்பாட்டு வாசித்துக்கொண்டு கல்லறைக்குப் போகும், உடலுக்கு விடைகொடுத்த பிறகு அதே தெருவில் துள்ளலாக வாசித்துக்கொண்டு திரும்பும். அடக்கத்துக்கும் பேண்டு, திருவிழாவுக்கும் பேண்டு என்று இருக்கும் நம் ஊர்களுக்கு அந்த ஊர் அந்நியமாகவே தோன்றுவதில்லை. 'வென் த செயின்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்' என்ற ஞானப்பாட்டை லூயி ஆம்ஸ்ட்ராங் 1938-இல் ஜாஸாகப் பதிவு செய்தார். புனிதர்களின் திருநாளுக்கு அதைவிடப் பொருத்தமான தொடக்கப் பாட்டு எனக்குத் தெரியவில்லை.

அதே மெட்டில் தமிழ் வரிகள் போட்டுப் பாடலாமா?

பாடலாம், அனுமதி இருந்தால் (அதைப் பற்றிக் கீழே). எழுதும்போது ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். நீண்ட ஸ்வரம் விழும் இடத்தில் நெடில் எழுத்து வர வேண்டும். குறிலை இரண்டு பாருக்கு இழுத்தால் வார்த்தையே வேறாகிவிடும், கேட்பவருக்குப் பொருள் விளங்காது. இன்னொரு வழி, தமிழிலேயே ஜாஸ் வாடையோடு உள்ள பழைய திரைப்பாட்டுகள். எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய கிளப் பாட்டுகளில் ட்ரம்பெட்டும் சாக்ஸும் குரலுக்கு எப்படி வழிவிடுகின்றன என்று கேட்டுப் பாருங்கள். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த நம் பெரியவர்களுக்கு அந்த ஒலி மனப்பாடம். மேடையில் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

காப்புரிமைச் சிக்கல் வருமா? நோட்ஸை வாட்ஸாப்பில் வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். எழுதியவருக்கு உரிய காசு அது. ஒரு செட் வாங்கினால் ஒரு பேண்டு வாழ்நாள் முழுக்க வாசிக்கலாம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் பாட்டை எழுதியவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். இருவர் சேர்ந்து எழுதியது என்றால் கடைசியாக இறந்தவரிலிருந்து கணக்கு. 1914-இல் வெளியான 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' பாட்டை எழுதிய டபிள்யூ.சி. ஹேண்டி 1958-இல் இறந்தார். அதனால் அந்தப் பாட்டு இங்கே 2019 முதல் பொதுச் சொத்து, நீங்களே உங்கள் குழுவுக்கு எழுதிக்கொள்ளலாம். நடுவில் டாங்கோ நடையில் ஒரு பகுதி வரும், பாடகருக்கு விருந்து. ஆனால் அதே பாட்டுக்குப் போன வருடம் ஒருவர் எழுதிய அரேஞ்ச்மென்ட் அவருடையது. அதை நகலெடுக்கக் கூடாது.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உண்மையான மதச் சடங்குகளில் வாசிப்பதற்கும், கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தருகிறது. டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரிக்கு அந்த விலக்கு கிடையாது, உரிமம் வாங்க வேண்டும். உரிமை உள்ள பாட்டுக்குப் புதிதாக அரேஞ்ச்மென்ட் எழுதுவதற்கும் தமிழ் வரி போடுவதற்கும் தனி அனுமதி தேவை.

கடற்கரை மேடையில் பாடகர் குரலே கேட்பதில்லை. அரேஞ்ச்மென்ட் தப்பா, மைக் தப்பா?

பெரும்பாலும் நிற்கும் இடம் தப்பு. பாடகருக்கு நேர் பின்னால் ட்ரம்பெட்டை நிறுத்தினால் பாடகர் மைக்கே ட்ரம்பெட்டை வாங்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். ட்ரம்பெட்டை ஓரமாக, சற்றுத் திருப்பி நிறுத்துங்கள். கீபோர்டும் பேஸும் பாடகருக்குப் பக்கத்தில் இருக்கட்டும், மானிட்டர் (பாடகரை நோக்கி வைக்கும் ஸ்பீக்கர்) இல்லாவிட்டாலும் சுருதி காதில் விழும்.

மைக் செட்காரரிடம் முதலிலேயே "அண்ணே, எக்கோவை எடுத்துடுங்க" என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். பக்திப் பாட்டுக்குப் போடும் எக்கோ இங்கே ஒவ்வொரு வார்த்தையையும் அடுத்த வார்த்தையின் மேல் ஏற்றிவிடும். வாடைக் காற்று அடிக்கும் மார்கழியில் மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம். நோட்ஸை இரண்டு பக்கமும் துணிக் கிளிப் போட்டுப் பிடியுங்கள், பக்கம் புரட்ட வேண்டிய தாளை ஒட்டி ஒரே அட்டையாக்கிவிடுங்கள். வெயில் காலத்தில் பித்தளை வாத்தியங்களின் சுருதி ஏறும், கீபோர்டு ஏறாது. பத்து நிமிடம் வாசித்துச் சூடான பிறகு சுருதி சேருங்கள்.

ஸ்கேட் பாட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கட்டாயமா?

இல்லை. வார்த்தையில்லாமல் வாத்தியம் போலப் பாடும் அந்த முறை 1926-இல் ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்த ஒரு பாட்டால் பரவியது. பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு அதைச் சிகரத்துக்குக் கொண்டுபோனார். கல்பனாஸ்வரம் பாடிப் பழகிய பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வரும். வராதவருக்கு அந்த இடத்தைக் கிளாரினெட்டிடம் கொடுத்துவிடுங்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை.

ஒத்திகைக்கு எல்லாரும் சேர்வதே கஷ்டம். எப்போது தொடங்கலாம்?

விசைப்படகில் போகிறவர்கள் குழுவில் இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் நல்ல வாய்ப்பு. வருமானம் இல்லாத கவலை அவர்களுக்கு இருக்கும், அதனால் மாலையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். அந்தோணியார் திருநாள் ஜூன் 13. அந்த மேடையை இலக்காக வைத்தால் நான்கு பாட்டு உறுதியாகத் தயாராகும்.

பாடகரைக் கடைசி வாரத்தில் கூப்பிடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். முதல் நாளிலிருந்து அவர் இருக்க வேண்டும். சினாட்ரா 1940 முதல் 1942 வரை டாமி டார்ஸி குழுவில் பாடியபோது, டார்ஸி ட்ரோம்போனில் எங்கே மூச்சு எடுக்கிறார் என்பதைப் பார்த்துப் பார்த்தே நீண்ட வரிகளை ஒரே மூச்சில் பாடக் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் ட்ரோம்போன்காரரும் யூபோனியம்காரரும் பாடகர் தாளை வாங்கி, அவர் மூச்சு எடுக்கும் இடங்களைப் பென்சிலால் தங்கள் தாளில் குறித்துக்கொள்ளட்டும். முதல் ஒத்திகையின் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.